பன்னிரண்டு ஸ்பிரிங்கும் ஒரு ஜும்ஆவும்

ஒலிபெருக்கியில் ஜும்ஆத் தொழுகையின் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பள்ளிவாசலில் இல்லை. சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கமாக இருந்த ஒரு ஐஸ் பெக்டரிக்குள், நிறுத்திவைத்த மெஷினுக்கு முன்னால், வெள்ளிக்கிழமைக்கென்று உடுத்த வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு ஸ்பனரும் கையுமாக நின்றேன்.

வெளியே ஒரு சைக்கிள் சத்தம்கூட இல்லை. கடைகளெல்லாம் பூட்டு. எங்கள் பெக்டரி முதலாளி ஹாஜியார், வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அழைக்கிற பாங்குக்கு முன்பே மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவார். ஆளில்லாத இடத்தில் மெஷின் தனியே ஓடக் கூடாது என்பது அவருடைய சட்டம். "நம்மளோட சேர்ந்து அதுவும் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்பார். எல்லோரும் பள்ளிக்குப் போய்த் தொழுது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு கண் உறங்கி எழும்பி வந்த பிறகுதான் மறுபடி ஓடும்.

பெக்டரியில் இருந்த இரண்டு மெஷினில் ஒன்று அது, நாலு சிலிண்டர் அமோனியா கொம்பிரசர். தொழுகை முடிவதற்குள் அவ்வளவுதான் ஆகும் என்று, அதில் முதல் இரண்டு சிலிண்டரின் ஹெட்டை, மேல் மூடியை, மட்டும் கழற்றினேன். உள்ளே பன்னிரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள் இருந்தன. அவற்றை எடுத்து ஒரு வெறும் பால்மா டின்னில் போட்டு, கருவிகள் வைக்கும் ஆயுத அலமாரியின் பின்பக்கம் ஒளித்துவைத்தேன். அந்த இடத்தில் என்னுடைய பழைய தடித்த ஸ்பிரிங்குகளை வைத்து மூடினேன்.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. என் சகலன் றமீஸ் செய்த வால்வு தோற்க வேண்டும், ஹாஜியார் முன்னால் அவன் முகம் கறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

'இந்தப் பத்திரிகைத் தொடரில் எந்த மெஷினைப் பற்றி எழுதினாலும் கடைசியில் நீங்களே வெல்கிறீர்கள், தோற்ற கதை ஒன்றும் கிடையாதா?' என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கிடக்கிறது தங்கச்சி, ஒன்று கிடக்கிறது.

ஒரு வளவு, இரண்டு மருமகன்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். கல்முனைக்குடியில் பிறந்த நான், மாமியின் மூத்த மகள் பரீதாவை முடித்து சாய்ந்தமருதுக்கு வந்தேன். வளவின் முன்வீடு எனக்கு. பல வருஷம் கழித்து, பரீதாவின் தங்கையை முடித்துப் பின்வீட்டுக்கு வந்தவர்தான் றமீஸ். மருதமுனை ஆள், நெசவுக் குடும்பம். என்னைவிட ஆறேழு வயது இளையவர். ஒரே கிணறு, ஒரே வாசல்.

கொழும்பில் ஒருவன் கப்பலே வாங்கினாலும் எனக்கு ஒன்றுமில்லை, நிம்மதியாக உறங்குவேன். பின்வீட்டில் ஒரு புது மின்விசிறி சுழன்றால் எனக்கு வேர்க்கும். நான் அப்படிப்பட்ட ஆள். இதை இவ்வளவு காலம் எழுதாமல் விட்டது என் குற்றம்.

வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாடு எப்போதும் மாமி வீட்டில்தான். பாரை மீன் ஆணம், அதாவது குழம்பு, என்றால் அதன் தலை யாருடைய பீங்கானில் விழும் என்பதில் எல்லாம் இருக்கிறது. மாமி வாய் திறந்து யாரையும் புகழ மாட்டார். அந்த வாரம் அவர் மனதில் எந்த மருமகன் உயர்ந்து நிற்கிறானோ அவனுக்குத் தலை. கல்யாணமான நாளிலிருந்து தலை என்னுடையதுதான். றமீஸ் வந்த பிறகும் நடுத்துண்டுதான் அவருக்கு. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியாது. நான் ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கவனிக்காமல் விட்டதில்லை.

டீசலுக்கும் காஸுக்கும் மணிக்கணக்காக வரிசையில் நின்றோமே, அந்தக் காலம் வந்தது. நூல் வரவு நின்று மருதமுனைத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. றமீஸ் வீட்டிலேயே இருந்தார். ஒருநாள் மாமி என்னைக் கூப்பிட்டார்.

"மகன், தங்கச்சிட மாப்புள சும்மா இரிக்காரு. உங்கட ஐஸ் பெக்டரில ஒரு வேலையப் பாத்துக் குடுங்களன்."

"அவருக்கு மெஷின் தெரியுமா மாமி?"

"தெரியாட்டி நீங்க காட்டிக் குடுங்க. உங்களுக்குத் தெரியாத மெஷினா?"

அந்தக் கடைசி வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன். அடுத்த நாளே ஹாஜியாரிடம் கதைத்து, என் கையாலேயே அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

காதுக்காரன்

பெக்டரியில் எனக்குக் 'காதுக்காரன்' என்று பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற மெஷினில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பேன். எந்த பெயாரிங் தேய்கிறது, எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். ஒலுவில், பாலமுனைப் பக்கம் இருந்தெல்லாம் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். போய்க் காதை வைப்பேன், கண்ணை மூடுவேன். கண்ணை மூடுவதற்கும் கேட்பதற்கும் சம்பந்தமில்லை. சுற்றி நிற்பவர்களுக்காக மூடுவதுதான்.

ஆனால் அந்த வருஷம் காது உதவவில்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் டின் டின்னாகத் தண்ணீரை இறக்கினால், முன்பு ஒரு நாளில் இறுகிய கட்டி இப்போது ஒன்றரை நாளாகியும் இறுகவில்லை. மேலே பார்த்தால் ஐஸ், உடைத்தால் நடுவில் தண்ணீர். படகுக்காரர்கள் விடுவார்களா?

"ஐஸ் கேட்டா கிணறு வெட்டித் தாறீங்க காக்கா, மீன உள்ள நீந்த விடுறதா?" என்று, அண்ணன் முறையில் காக்கா போட்டே, ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார்.

கரண்ட் கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது. அரை நாள் கூடுதலாக ஓடுகிற மெஷினை வைத்துக்கொண்டு ஹாஜியார் என்ன செய்வார்? நான் ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர் சூடு என்றேன். அமோனியா குறைவு என்றேன். வெயில் கூடிவிட்டது என்றுகூடச் சொன்னேன். வெயில் இந்தக் கரையில் எப்போது குறைந்திருந்தது?

இந்த இடத்தில் வால்வு என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மெஷின் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம்.

கொம்பிரசருக்குள் பிஸ்டன் கீழே போகும்போது அமோனியா வாயுவை உள்ளே இழுக்கும், மேலே வரும்போது நசுக்கி வெளியே தள்ளும். உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு. அந்தக் கதவுகள்தான் வால்வு. திறக்க, மூட ஆள் கிடையாது. மெல்லிய வளையத் தகடு ஒன்று, அதை அமர்த்திப் பிடிக்கச் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள். வாயுவே தகட்டைத் தள்ளித் திறந்துகொண்டு போகும், போனதும் ஸ்பிரிங் மூடும். ஒரு நிமிஷத்தில் பல நூறு தடவை இது நடக்கும்.

ஜும்ஆ முடிந்து சனம் வெளியேறும்போது பள்ளிவாசல் கதவை ஒருவர் பாதிக்கு மேல் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? நெரிசல், வேர்வை, ஏச்சு. எல்லோரும் வெளியே வந்து சேர இரண்டு மடங்கு நேரம். தடித்த ஸ்பிரிங் செய்கிற வேலை அதுதான். வாயு பாதிக் கதவால் நெரிபட்டுப் போகும், ஹெட் கொதிக்கும், கரண்ட் வீணாகும், ஐஸ் வராது.

இப்போது இவ்வளவு அழகாக எழுதுகிறேன். அன்று எனக்கு இது தெரியாது. மெஷினோடு வந்த ஸ்பிரிங் முறிந்தபோது வேறு கிடைக்காமல், கொஞ்சம் தடித்த கம்பியில் சுற்றுவித்துப் போட்டேன். நன்றாக மூடுகிறது என்று தோன்றியது. அடுத்த தடவை இன்னும் தடித்த கம்பி. இறுக்கமாக மூடினால் நல்ல வால்வு என்பது என் கொள்கை. கொள்கை இறுக இறுக ஐஸ் இளகியது.

தேயாத இடம்

றமீஸ் வேலைக்கு வந்து மூன்று மாதமிருக்கும். ஒரு காலை ஹெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். வால்வுத் தகட்டுக்கு மேலே தடுப்பு ஒன்று இருக்கும். தகடு எவ்வளவு உயரம் எழும்பலாம் என்பதற்கு அதுதான் எல்லை. தகடு முழுதாகத் திறந்தால் போய் அதில் முட்டி நிற்கும்.

அந்தத் தடுப்பைத் துடைத்துப் பெருமையாக அவரிடம் நீட்டினேன். "பாருங்க தம்பி. இவ்வளவு வருஷம் ஓடின சாமான். புதுசு மாதிரி இரிக்கி."

எல்லோருக்கும் அப்படித்தான் காட்டுவேன். என் பராமரிப்புக்கு அதுதான் அத்தாட்சி என்று நினைத்திருந்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"காக்கா, இதில லேத்தில கடைஞ்ச கோடுகூட அப்பிடியே இரிக்கி."

"அதத்தானே நானும் சொல்லுறன்."

"அப்ப தகடு இதில ஒருநாளும் வந்து முட்டல்லியே?"

தடுப்பைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"முட்டியிருந்தா தேஞ்சிருக்கும். தேயல்ல எண்டா, கதவு முழுசாத் தொறந்ததே இல்ல காக்கா. ஸ்பிரிங்தான் பிடிச்சு வச்சிரிக்கி."

ஒரு விநாடியில் அது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நூறு தடவை நான் கையில் எடுத்துத் துடைத்த சாமான் அது. அதை நான் பார்த்தே இல்லை. நேற்று வந்த தறிக்காரர் ஒரே தடவை பார்த்தார், படித்துவிட்டார்.

"உங்களுக்கு அமோனியாவப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அமோனியா தெரியா காக்கா. தறியில நூலக் கொண்டு ஓடுற ஓடம் தெரியும். இந்தப் பக்கத்தில இரிந்து அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பெட்டிக்குள்ள நிக்கணும். அங்க பிடி கூடினா ஓடம் முழுசா உள்ள போகாது, முட்டித் திரும்பத் துள்ளும். துள்ளினா நூல் அறும். பிடி குறைஞ்சாலும் பிழை, ஆனா கூடினாத்தான் கூடப் பிழை. இந்தத் தகடும் அப்பிடித்தானே துள்ளிக்கிட்டு இரிக்கும்?"

அவர் பணிவாகத்தான் சொன்னார். சண்டைக்காரனாக இருந்தால் இரண்டு ஏச்சோடு முடித்திருப்பேன். பணிவை என்ன செய்வது?

ஒரு கிழமைத் தவணை

நான் மறைத்திருப்பேன். ஆனால் ஹாஜியார் காதுக்கு விஷயம் போய்விட்டது. அவர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"றமீஸ் சொல்லுறது மெய்யா?"

"சொல்லலாம் ஹாஜியார், செய்யேலாது" என்றேன். "ஸ்பிரிங் இளகினா தகடு நேரத்துக்கு மூடாது. நசுக்கின வாயு திரும்பி உள்ளுக்கு வந்திரும்."

அது பொய்யல்ல. அப்படியும் நடக்கும். அதனால்தான் றமீஸ் செய்த வேலை வேலை. வெறுமனே ஸ்பிரிங்கை இளக்கிவிடவில்லை. தகட்டையும் மெல்லிய உறுதியான தகட்டில் வெட்டி இலேசாக்கினார். இலேசான தகட்டைத் திருப்பி மூட இலேசான ஸ்பிரிங் போதும் அல்லவா? ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் ஒரு கம்பியில் தானே சுற்றி, ஒரே அளவு பாரத்தை வைத்து, எல்லாம் ஒரே அளவு அமர்கிறதா என்று பார்த்தார். ஒன்று மற்றதைவிட இறுக்கமாக இருந்தால் தகடு சரிந்து திறக்குமாம். வாயு போகும் துவாரங்களின் கூரான விளிம்புகளை மெல்லிய எமரித் தாளால் பகல் முழுக்கத் தேய்த்து மழுக்கினார். நான் பக்கத்தில் நின்று ஏதாவது பிழை வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

ஓட்டிப் பார்க்க ஹாஜியார் ஒரு கிழமை, ஏழு நாள், தவணை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மெஷினில் பூட்டி ஓடவிட்டோம். சத்தமே வேறு. என் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டேன். முன்பு சரசரவென்று ஏதோ நடுங்குகிற மாதிரி ஒரு இரைச்சல் இருக்கும். அதை நான் அந்த மெஷினின் இயல்பான குரல் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. டக், டக், டக் என்று சுத்தமான அடி.

என் வாழ்நாளில் நான் கேட்ட அழகான மெஷின் சத்தம் அதுதான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது வயிறு பற்றி எரிந்தது.

செவ்வாய்க்கிழமை கட்டி நடுவரைக்கும் இறுகி வந்தது. புதன்கிழமை இன்னும் நேரத்தோடு. படகுக்காரர்கள் கட்டியை உடைத்துப் பார்த்து, "கிணறு தூந்திட்டுப்போல" என்று சிரித்தார்கள். வியாழக்கிழமை ஹாஜியார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சனிக்கிழமையும் இப்பிடியே வந்தா, ரெண்டு மெஷினுக்கும் இந்த வால்வப் போட்டு, மெஷின் பொறுப்ப றமீஸ்ட குடுக்கப்போறன்." என் பக்கம் திரும்பி, "நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க, உங்களுக்கும் வேலை இரிக்கும்" என்றார்.

வேலை இருக்குமாம். பதினெட்டு வருஷம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு, தன் சகலனுக்குக் கீழே ஒரு வேலை இருக்குமாம்.

அன்று வீட்டுக்கு வந்தால் பரீதா கேட்டாள். "றமீஸ் தம்பி பெரிய வேலை ஒண்டு செஞ்சிரிக்காராம், உம்மா சொன்னா. மெய்யா?"

"ஓம், பெரிய வேலை" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் மூன்று வாளி தண்ணீர் ஊற்றினேன்.

பின் வரிசை

இனி அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

"நீங்க முன்னுக்குப் போங்க தம்பி. நான் மெஷின அடைச்சிட்டு வாறன்" என்று றமீஸை அனுப்பினேன். மெஷினுக்குள் மீந்திருந்த அமோனியாவை, குழாயைத் தண்ணீர் வாளிக்குள் விட்டு வெளியேற்றினேன். எவ்வளவு வெளியேற்றினாலும் ஹெட்டைத் தூக்கும்போது ஒரு வீச்சு முகத்தில் அடிக்கும். கண்ணீர் வழிந்தது. கையால் துடைக்க முடியாமல் சட்டைத் தோளில் துடைத்தேன். ஒலிபெருக்கியில் இமாம் அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. அன்றைக்கென்று அதுதான் குத்பா.

தொழுகை ஸலாம் கொடுத்து முடிந்த சத்தம் கேட்டபோது கடைசி போல்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். கை கழுவி, தொழுகைக்கு வுழூ செய்து, பெக்டரி மூலையில் ஒரு ஐஸ் சாக்கை விரித்து, ஜும்ஆவுக்குப் பதிலாகத் தனியே ளுஹர் தொழுதேன். வாழ்க்கையில் காய்ச்சல் இல்லாமல் நான் விட்ட ஒரே ஜும்ஆ அது. என்ன ஓதினேன் என்று தெரியாது.

மாமி வீட்டில் பாய் விரித்திருந்தது. றமீஸ் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காக்கா, எந்தப் பக்கம் நிண்ட நீங்க? பள்ளியில காணல்லியே."

"பின் வரிசையில."

பாரை மீன் ஆணம். மாமி அகப்பையைச் சட்டிக்குள் விட்டுத் தலையைத் தூக்கினார். என் பீங்கானைத் தாண்டிக்கொண்டு போனார். தலை றமீஸின் சோற்றில் விழுந்தது. அவ்வளவு வருஷத்தில் முதல் தடவை.

நாற்பத்தைந்து தாண்டிய ஆம்பிளை ஒரு மீன் தலைக்கு அழக் கூடாது.

றமீஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையை அப்படியே எடுத்து என் பீங்கானில் வைத்தார். "காக்கா தின்னட்டும் மாமி. அவர்தான் காலையில இரிந்து மெஷினோட நிண்டு களைச்சுப் போய் வந்திரிக்காரு."

மாமி நடுத்துண்டை எடுத்து றமீஸுக்கு வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன இருந்தாலும் என்னுடைய இடம் என்னுடையதுதான், இவனே அதை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன். கன்னத்தைப் பிரித்தேன், மூளையை உறிஞ்சினேன், கண்ணைக்கூட விடவில்லை. நாளைக்கு இவன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

நாலு சொட்டுத் தண்ணீர்

சனிக்கிழமை ஹாஜியார் நேரத்தோடே வந்துவிட்டார். படகுக்காரர்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். முதல் கட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்தார்கள். நடுவிலிருந்து தண்ணீர் வழிந்து ஹாஜியாரின் செருப்பை நனைத்தது.

"திரும்பவும் கிணறா?" என்றார் ஒரு படகுக்காரர்.

ஹாஜியார் முகம் சுருங்கியது. "றமீஸ், என்ன இது?"

நான் பின்னால் தூணில் சாய்ந்து நின்றேன். எனக்குள் ஒரு பாட்டே ஓடியது. பொய் சொல்லவில்லை.

றமீஸ் அவசரப்படவில்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குப் பக்கத்தில் போனார். ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து, விரலால் ஒவ்வொரு ஹெட்டிலும் ஒரு சொட்டு விட்டார். முதலாவது ஹெட்டில் சொட்டு சீறிக்கொண்டு மறைந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் விழுந்த சொட்டு படர்ந்து, மெதுவாக ஆவியாகிக்கொண்டிருந்தது. நாலாவதிலும் அப்படித்தான்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டு வருஷம் ஒரு சொட்டில் போகப்போகிறது என்று விளங்கியது.

"ஹாஜியார்," என்றார் றமீஸ், "இந்த முதல் ரெண்டிலயும் காக்கா பழைய ஸ்பிரிங்கப் போட்டு வச்சிரிக்காரு. மத்த ரெண்டிலயும் புதுசு. ரெண்டையும் ஒரே மெஷினில ஒப்பிட்டுப் பாத்தாத்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும் எண்டு. நீங்களே தொட்டுப் பாருங்க, கவனம்."

ஹாஜியார் மூன்றாவது ஹெட்டுக்குக் கையைக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு முதலாவதுக்குக் கொண்டுபோய், "யா அல்லாஹ்!" என்று இழுத்துக்கொண்டார்.

"அந்தச் சூடெல்லாம் நீங்க கட்டுற கரண்ட் ஹாஜியார்" என்றார் றமீஸ்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "மெய்யா? ஒப்பிட்டுப் பாக்கவா போட்ட நீங்க?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரேயொரு சொல்தான் சொன்னேன்.

"ஓம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிட்டுச் செய்யப்படாதா?" என்று ஏசினார். ஏசிக்கொண்டே தோளில் தட்டினார். "ஆனா கெட்டித்தனம்தான். இப்ப எனக்கு விளங்கிட்டு."

"காக்கா, அந்தப் புது ஸ்பிரிங்கெல்லாம் எங்க வச்ச நீங்க?" என்று றமீஸ் கேட்டார்.

அலமாரியின் பின்பக்கத்திலிருந்து பால்மா டின்னை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் எண்ணினார். பன்னிரண்டும் இருந்தன, எண்ணெய் தடவிய மாதிரியே. ஏன் கடலில் வீசாமல் விட்டேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நல்ல ஸ்பிரிங்கை வீச என் கை வராது. அது நல்ல ஸ்பிரிங் என்பது என் கைக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

அவரைத் தோற்கடிக்கச் செய்த காரியம், அவர் வென்றதற்குச் சாட்சியாகிவிட்டது. அதற்கு எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அன்று ஹாஜியார் வாங்கித் தந்த பிளேன்ரீயைப் போல ஒரு கசப்பை நான் குடித்ததில்லை. சீனி போட்ட தேநீர்தான்.

எண்ணெய்க் கறை

அந்த வால்வு இப்போது எங்கள் இரண்டு மெஷினிலும் ஓடுகிறது. றமீஸ் பெக்டரியில் தங்கவில்லை. பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புப் பக்கம் வரைக்கும் ஐஸ் பெக்டரிக்காரர்கள் வந்து கூட்டிப்போகிறார்கள். திரும்பி வரும்போது பரீதாவுக்கும் சேர்த்து ஏதாவது வாங்கி வருவார். மெஷின் பொறுப்பு என்னிடமேதான் இருந்துவிட்டது. ஹாஜியாரிடம் றமீஸ்தான் அப்படிக் கேட்டுக்கொண்டாராம். நான் தினமும் போய், அவருடைய வால்வுக்கு என் காதை வைத்துக் கேட்கிறேன். டக், டக், டக். ஒரு நாளாவது பிசகாதா என்று கேட்கிறேன். பிசகுவதில்லை.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் பயம் பிடித்தது. றமீஸ் இந்தப் பத்திரிகையை ஒரு வாரம்கூட விடாமல் வாசிப்பவர். அச்சில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. போன கிழமை பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு பின்வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு வால்வுத் தகட்டைக் கண்ணாடி மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்கக்கிட்ட ஒரு மாப்புக் கேக்கணும்" என்றேன். கையெழுத்துத் தாள்களை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. கையில் எண்ணெய் இருந்தது.

"அந்த ஸ்பிரிங் கதையா காக்கா?"

எனக்கு நின்ற இடத்திலேயே வேர்த்துவிட்டது. "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அண்டைக்கே தெரியும். சாப்பிடப் பாயில உங்கட கிட்ட வந்து உக்காந்தனே, அப்பவே. ஜும்ஆவுக்குப் போய் வந்த சட்டையில அத்தர்தானே மணக்கணும்? உங்கட சட்டையில அமோனியா. மெஷின் நிண்டு கிடக்கக்குள்ள அமோனியா மணக்கிறண்டா, தொறந்திரிக்கணுமே?"

"அப்ப ஏன் அண்டைக்கே மாத்தல்ல? ஏன் ஹாஜியார்ட்ட அப்பிடிச் சொன்ன நீங்க?"

"உள்ளதச் சொன்னா உங்கட வேலை போயிடும். பொறகு ஒரே வாசலால எப்பிடிப் போய் வாற? ராவெல்லாம் யோசிச்சன். ஒப்பிட்டுப் பாக்கப் போட்ட எண்டு சொன்னா உங்களுக்கும் நல்லம், எனக்கும் நல்லம் எண்டு விடியக்குள்ளதான் புடிபட்டிச்சு."

மாப்புக் கேட்கப் போன இடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இந்த ஒன்றிலாவது நான் முந்திப்போய் ஒரு நல்லவனாக நிற்கலாம் என்று பார்த்தால், அதையும் அவர் எப்போதோ முடித்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"உங்களுக்குக் கோவமே வரல்லியா தம்பி?" என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன்.

அவர் தகட்டைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வந்திச்சு காக்கா. சரியான கோவம். அதாலதான் அந்த மீன் தலையத் தூக்கி உங்கட பீங்கான்ல வச்சன். இதுக்குத்தானே இவ்வளவும், தின்னுங்க எண்டு."

நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு முன்வீட்டுக்குத் திரும்பி வந்தேன். இவ்வளவு வருஷமும், அவரிடம் நான் வென்ற நாள் என்று ஒரே ஒரு நாளைத்தான் மனதில் வைத்திருந்தேன். அந்தத் தலையைத் தின்ற நாள்.